மேற்கூரை திறக்கும் சொகுசு கார்: புதிதா, செகண்ட் ஹேண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்வெர்ட்டிபிள் என்று நாம் அழைக்கும் மேற்கூரை திறக்கும் கார்கள் இந்தியாவில் மிகக் குறைவாகவே விற்கின்றன. அதனால் புதிது வாங்கலாமா, பழையது வாங்கலாமா என்று விசாரிக்கப் போனால் சாதாரண செடான் காருக்கான பதில்தான் கிடைக்கும். இந்த வண்டிகளுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கீழே உள்ளவை தமிழ்நாட்டில், குறிப்பாகச் சென்னையில், வாங்குபவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: எதை வாங்கலாம்?

பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஐந்து வயதான வண்டிதான் பொருத்தம். தமிழ்நாட்டில் பதிவானதாக, முதல் உரிமையாளரிடமே இருந்ததாக, துணிக் கூரை கொண்டதாகப் பாருங்கள். அதே வண்டி அந்தந்த நிறுவனத்தின் சான்றளித்த பழைய கார் பிரிவில் கிடைத்தால் இன்னும் நல்லது.

புதிது வாங்குவதில் அர்த்தம் இருப்பது இரண்டு பேருக்கு. எட்டு, பத்து வருடம் அதே வண்டியை வைத்திருக்கப் போகிறவர் ஒருவர். மெர்சிடிஸ் சிஎல்இ 300 போல 2024 ஆகஸ்டில்தான் இங்கே வந்த மாடலையே விரும்புகிறவர் இன்னொருவர். அதில் நல்ல பழைய வண்டி தேடினாலும் எளிதில் கிடைக்காது.

பத்து வயதைத் தாண்டிய, உலோகக் கூரை மடங்கும் வண்டியை வீட்டின் ஒரே காராக வாங்காதீர்கள். விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் சரி.

புதிய வண்டிக்குக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது?

பெரும் பகுதி வரிக்கு. எக்ஸ்-ஷோரூம் விலை 1 கோடி என்று வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அப்படியானால் அந்த 1 கோடியில் வண்டியின் அடிப்படை விலை சுமார் 71.4 லட்சம், ஜிஎஸ்டி சுமார் 28.6 லட்சம். அதற்கு மேல் தமிழ்நாட்டின் ஆயுள் வரி. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 20 சதவீதம், அதாவது 20 லட்சம். ஆக இன்சூரன்ஸ் கட்டுவதற்கு முன்பே 1.20 கோடி ஆகிவிடுகிறது. அதில் ஏறக்குறைய 48.6 லட்சம் இந்த இரண்டு வரிக்கு மட்டும் போகிறது. இங்கே விற்கும் கன்வெர்ட்டிபிள்கள் முழுமையாகக் கட்டப்பட்டு இறக்குமதியாகிறவை என்பதால், அந்த 71.4 லட்சத்துக்குள்ளும் சுங்க வரி ஒளிந்திருக்கிறது.

10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டீலர் பிடிக்கும் 1 சதவீத டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கப்படும் வரி) வேறு விஷயம். அதை வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். ஆயுள் வரி அப்படித் திரும்பாது. இரண்டு வருடத்தில் வண்டியை விற்றால், மிச்சமிருக்கும் ஆயுள் வரியின் பலன் வாங்குகிறவருக்குப் போய்ச் சேரும். பழையது வாங்குகிறவருக்குக் கிடைக்கும் லாபத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. முதல் உரிமையாளர் கட்டிய வரியில் நீங்கள் ஓட்டுகிறீர்கள்.

பழைய வண்டிக்கு ஜிஎஸ்டி உண்டா?

தனிநபரிடமிருந்து தனிநபர் வாங்கினால் கிடையாது. ஜிஎஸ்டி பதிவுள்ள டீலர் விற்றால், அவருடைய லாபத்தின் மீது மட்டும் 18 சதவீதம். அவர் 40 லட்சத்துக்கு வாங்கி 44 லட்சத்துக்கு விற்றால் 4 லட்சத்துக்கு 72,000 ரூபாய். முழு 44 லட்சத்துக்கும் 18 சதவீதம் என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எந்தெந்த மாடல்கள் பழைய சந்தையில் கிடைக்கின்றன? எதில் என்ன கோளாறு வரும்?

*ஆடி ஏ3 கேப்ரியோலே.* 2014 டிசம்பரில் 44.75 லட்சத்துக்கு வந்தது. முதலில் 1.8 லிட்டர், 2017 முதல் 1.4 லிட்டர் பெட்ரோல். நான்கு இருக்கை, துணிக் கூரை. கூரை எளிமையானது, தொல்லை குறைவு. கவலைப்பட வேண்டியது கியர்பாக்ஸுக்கு. ஏழு கியர் கொண்ட உலர் இரட்டை கிளட்ச் இது. அண்ணா சாலை நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் சூடேறித் தேயும். ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது நடுக்கம் இருந்தாலோ, ரிவர்ஸ் போட்டதும் ஒரு நொடி யோசித்தாலோ, மெகட்ரானிக் என்கிற கட்டுப்பாட்டுப் பகுதியையும் கிளட்சையும் சோதிக்காமல் விலை பேசாதீர்கள்.

*மெர்சிடிஸ் சி300 கேப்ரியோலே.* 2016 நவம்பரில் 60 லட்சத்துக்கு வந்தது. குடும்பத்தோடு போக இதுதான் முதல் தேர்வு. கண்ணாடிச் சட்டத்தின் மேல் எழும் காற்றுத் தடுப்பும், கழுத்துக்கு வெதுவெதுப்பான காற்று ஊதும் வசதியும் இதில் உண்டு. பின்னது சென்னையில் தேவைப்படாது, கொடைக்கானலில் தேவைப்படும். எஞ்சின் வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்ற உதவும் கேம்ஷாஃப்ட் மேக்னட்களில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கசியும் எண்ணெய் ஒயர் வழியாக ஏறிப் போய் சென்சார்களைக் கெடுக்கும்.

*பிஎம்டபிள்யூ இசட்4.* இதில் தலைமுறை பார்த்து வாங்க வேண்டும். 2009 முதல் 2016 வரை உற்பத்தியானது இ89 என்ற தலைமுறை. இரண்டு துண்டு அலுமினியக் கூரை. 35ஐ மாடலின் ஆறு சிலிண்டர் இரட்டை டர்போ எஞ்சின் அருமையாக ஓடும். ஆனால் உயர் அழுத்த எரிபொருள் பம்ப் போவதும், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வு கடகடப்பதும் இதன் பெயர்பெற்ற நோய்கள். கூரை கீலில் வளைந்து வளைந்து ஒயர் அறுவதும் உண்டு. 2019 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தது ஜி29; அப்போது 20ஐ 64.90 லட்சம், எம்40ஐ 78.90 லட்சம். இதில் கூரை துணிக்குத் திரும்பிவிட்டது. இன்றைய பழைய சந்தையில் இரண்டு பேருக்கான வண்டி என்றால் எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

*மினி கன்வெர்ட்டிபிள்.* நகருக்குள் ஓட்டவும் நிறுத்தவும் சுகம். கூரையை முழுதாகத் திறக்காமல் முன்பக்கம் 40 செ.மீ. மட்டும் சன்ரூஃப் போலத் திறக்கலாம். நம் வெயிலுக்கு மிகவும் உதவும் வசதி அது. பின் இருக்கை குழந்தைகளுக்கு மட்டுமே.

துணிக் கூரையா, உலோகக் கூரையா?

துணி. உலோகக் கூரை உறுதி, சத்தம் உள்ளே வராது, நகருக்குள் பாதுகாப்பு என்பார்கள். முதல் ஐந்து வருடத்துக்கு அது உண்மையும்கூட. அதன் பிறகு கனமான தகடுகளைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்கள், பூட்டுகள், ஒவ்வொரு மூட்டிலும் உட்கார்ந்திருக்கும் சின்னச் சின்ன சென்சார்கள் எல்லாம் ஒவ்வொன்றாகச் செலவு வைக்கும். ஒரு சென்சார் "நான் இன்னும் மூடவில்லை" என்று சொன்னால் போதும், கூரை பாதியில் நின்றுவிடும்.

டிக்கி இடத்தையும் பாருங்கள். இ89-ல் கூரை மூடியிருக்கும்போது 310 லிட்டர், திறந்தால் 180 லிட்டர். ஜி29-ல் எப்படி இருந்தாலும் 281 லிட்டர். தயாரிப்பாளர்களே மனம் மாறிவிட்டார்கள்: பிஎம்டபிள்யூ 4 சீரிஸும், மெர்சிடிஸ் எஸ்எல்லும் உலோகத்தை விட்டுத் துணிக்கு வந்துவிட்டன.

இப்போதைய துணி தார்ப்பாய் மாதிரி இருக்காது. வெளியே அக்ரிலிக் நெசவு, நடுவே பியூட்டைல் ரப்பர், உள்ளே இன்னொரு துணி, அதற்கும் கீழே சத்தம் தடுக்கும் மெத்தை என்று அடுக்கடுக்காக வரும். நிழலில் நின்று ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டால் பத்து வருடம் தாராளமாகத் தாங்கும்.

கூரையை எப்படிச் சோதிப்பது?

இதற்கு மட்டும் ஒரு முழு மணி நேரம் ஒதுக்குங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

முதலில் கூரை மூடிய நிலையில் வெளியே சுற்றிப் பாருங்கள். பின் கண்ணாடி துணியோடு ஒட்டியிருக்கும் விளிம்பில் விரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். எங்காவது நகம் உள்ளே இறங்கினால் ஒட்டு விடத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். பல மாடல்களில் கண்ணாடியை மட்டும் மாற்ற முடியாது. கூரைத் துணி முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். ஒட்டித் தருகிறேன் என்பவர்கள் உண்டு, ஆனால் நம் ஊர் வெயிலில் அது எத்தனை நாள் நிற்கும் என்பது ஒட்டும் கையைப் பொறுத்தது. அடுத்து, துணி மடியும் இடங்களில், முக்கியமாகப் பின் பக்கக் கண்ணாடிகளுக்கு மேலே, உள்ளிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சட்டத்தில் உரசி உரசி அங்கேதான் முதலில் ஓட்டை விழும்.

இப்போது டிக்கியைத் திறந்து, கூரை மடங்கி உட்காரும் தடுப்பைக் கீழே இறக்குங்கள். அது இறங்காமல் கூரை அசையாது. "கூரை வேலை செய்யவில்லை" என்று வரும் வண்டிகளில் சில வெறுமனே இந்தத் தடுப்பு சரியாக மாட்டாதவை. எஞ்சினை ஓடவிட்டு, மூன்று முறை திறந்து மூடுங்கள். அதற்கு மேல் தொடர்ந்து செய்ய வேண்டாம், மோட்டார் சூடேறித் தானே நின்றுகொள்ளும். ஒவ்வொரு முறையும் கைபேசியில் நேரம் குறியுங்கள். ஜி29-க்கு 10 விநாடி. ஏ3-க்கும் மினிக்கும் 18. சி300-க்கும் இ89-க்கும் சுமார் 20. ஐந்தாறு விநாடி கூடுதலாக எடுத்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது ஹைட்ராலிக் எண்ணெய் குறைந்திருக்கிறது, அல்லது பம்ப் சோர்ந்துவிட்டது. ஹைட்ராலிக் வண்டியில் எண்ணெய் தானாகக் குறையாது, எங்கோ கசிகிறது. முன் கண்ணாடிக்கு மேலுள்ள பூட்டுப் பகுதி, டிக்கியின் பக்கவாட்டு விரிப்பு, பின் இருக்கையின் ஓரம் ஆகிய இடங்களில் எண்ணெய்க் கறை தேடுங்கள்.

இடதும் வலதும் ஒன்றாக நகர்கின்றனவா என்று வண்டிக்குப் பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்கம் முந்தினால் சிலிண்டரோ கீலோ தேய்ந்திருக்கிறது. விபத்தில் உடம்பு முறுக்கிய வண்டியிலும் இதே அறிகுறி தெரியும், ஆகவே டிங்கரிங் வேலை நடந்திருக்கிறதா என்று பெயிண்ட் தடிமன் மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள்.

கதவையும் கவனியுங்கள். இந்த வண்டிகளின் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி சில மில்லிமீட்டர் கீழிறங்கி, கதவு மூடியதும் மேலேறி ரப்பர் பீடிங்குக்குள் புகுந்துகொள்ளும். இறங்காவிட்டால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பீடிங்கைக் கிழித்துக்கொண்டு வரும். பேட்டரி மாற்றிய பிறகு கண்ணாடியை மறுபடி அளவு காட்டிப் பழக்காமல் விட்டாலும் இப்படி ஆகும். அது ஐந்து நிமிட வேலை. கிழிந்த பீடிங் அப்படியல்ல.

மழையில் ஒழுகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குழாயில் சாதாரண வேகத்தில் பத்து நிமிடம் கூரை மேல் தண்ணீர் விடுங்கள். வாட்டர் வாஷ் கடையின் அழுத்தக் குழாயால் சோதிக்காதீர்கள். அது நல்ல பீடிங்கையும் விலக்கிக்கொண்டு போகும். பிறகு உள்ளே உட்கார்ந்து முன் கண்ணாடியின் இரண்டு மேல் மூலைகளையும், கண்ணாடிகள் சந்திக்கும் இடத்தையும் தொட்டுப் பாருங்கள்.

இதைவிட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத ஒழுகல். கூரைத் துணியிலிருந்து வழியும் நீர் பின் இருக்கைக்குப் பின்னால் உள்ள தொட்டி போன்ற பள்ளத்தில் சேர்ந்து, சிறு வடிகால் குழாய்கள் வழியாகச் சக்கரத்துக்கு அருகே வெளியேற வேண்டும். வேப்ப மரத்தடியில் நிற்கும் வண்டியில் சித்திரை மாதம் முழுக்க வேப்பம்பூ கொட்டி, முதல் மழையில் ஊறிக் களியாகி அந்தக் குழாயை அடைத்துவிடும். பிறகு நீர் உள்ளே ஏறும். பழைய இசட்4 ஆன இ85-ல் கூரை மோட்டாரே அந்தப் பள்ளத்தின் அடியில் இருந்தது. வடிகால் அடைத்தால் மோட்டார் மூழ்கிச் செத்தது. பழைய போர்ஷே பாக்ஸ்டரில் இருக்கைக்கு அடியில் இருக்கும் சாவிக் கட்டுப்பாட்டு யூனிட் நனைந்து, வண்டியே ஸ்டார்ட் ஆகாமல் போகும்.

அதனால் மிதியடியைத் தூக்கி, கம்பளத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியிலுள்ள பஞ்சு மாதக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். விரல் குளிர்ந்தால் கம்பளத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டிக்குள் வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தாலும் அதே சந்தேகம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான அடித்தள பார்க்கிங்குகள் மூழ்கின. இருக்கையின் அடிச் சட்டத்தில் துரு, சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்தால் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு, டிக்கியில் கருவிகள் வைக்கும் குழியில் வண்டல், விளக்குக்குள் நீர்த் தடம்: இவற்றில் ஏதாவது இரண்டு இருந்தால் வேண்டாம். மூன்றாவதைத் தேட வேண்டியதில்லை. அந்த டிசம்பர்களை ஒட்டிப் பெரிய இன்சூரன்ஸ் கிளெய்ம் இருந்ததா என்று பழைய பாலிசியில் நோ கிளெய்ம் போனஸை (கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) பாருங்கள். 50 சதவீதத்தில் இருந்தது திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் காரணம் கேளுங்கள்.

வண்டி கவிழ்ந்தால் தலைக்குப் பாதுகாப்பு?

பின் தலைசாய்ப்புக்குள் ஒளிந்திருக்கும் வளையங்கள், வண்டி கவிழப் போவதை உணர்ந்ததும் சட்டென்று மேலெழும். வலுவான முன் கண்ணாடிச் சட்டமும் அந்த வளையங்களும் சேர்ந்துதான் தலையைக் காக்கின்றன. இசட்4 போன்ற இரண்டு இருக்கை வண்டிகளில் நிலையான வளையம் இருக்கும். பழைய வண்டியில் ஏர்பேக் விளக்கு, சாவி போட்டதும் எரிந்து பின் அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பையோ இணைப்பையோ எடுத்திருக்கிறார்கள். ஸ்கேனரில் அந்த யூனிட்டின் பிழைக் குறிப்புகளைத் தனியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

எட்டு வருடத்தில் 9,000 கி.மீ. மட்டுமே ஓடிய வண்டி. பொன்னான வாய்ப்புதானே?

அவசரப்பட வேண்டாம். கன்வெர்ட்டிபிளுக்கு ஓட்டம் கெடுதல் செய்வதைவிட நிற்பது அதிகம் கெடுதல் செய்யும். ரப்பர் காய்ந்து வெடிக்கும், மடித்தே வைத்திருந்த துணியில் மடிப்பு நிரந்தரமாகும், மூடியே வைத்திருந்ததில் கீல் இறுகும். கார்த்திகை மழையில் மூடிய போர்வைக்குள் பூஞ்சை பிடிக்கும். எலி ஒயரைக் கடிக்கும்.

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஆறு வயதைத் தாண்டிய டயரை மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். இந்த வண்டிகள் பலவற்றில் இருப்பது பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர், ஸ்டெப்னி கிடையாது.

பெட்ரோலையும் மறக்கக்கூடாது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டிகளில் பல 10 சதவீதத்துக்கே வடிவமைக்கப்பட்டவை. எரிபொருள் மூடியின் உட்புறத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் அரை டேங்கோடு நின்ற வண்டியில் எரிபொருள் பம்ப்பையும் இன்ஜெக்டர்களையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஐந்து வருடத்தில் 30,000 கி.மீ. ஓடி, வருடா வருடம் சர்வீஸ் செய்யப்பட்ட வண்டியே மேல்.

சோதனை ஓட்டத்தில் என்ன கவனிப்பது?

மேடு பள்ளமான தெரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கூரை மூடி ஒரு முறை, திறந்து ஒரு முறை. கூரை இல்லாத உடம்பு கொஞ்சம் நடுங்கும். பின்பக்கம் பார்க்கும் உட்புறக் கண்ணாடி லேசாக அதிர்வது இயல்பு. ஸ்டியரிங் தண்டு கையில் உதறினாலோ, கதவு பூட்டுக்குள் கடகடத்தாலோ உடம்பு தளர்ந்திருக்கிறது. பிறகு ஒரு முன் சக்கரத்தை மட்டும் நடைபாதை விளிம்பில் ஏற்றி நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். உரசாமல் மூட வேண்டும். உங்கள் வீட்டு வாசல் சரிவிலும், தெரு வேகத்தடையிலும் ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். இசட்4 மாதிரி வண்டியில் அடி தட்டுமா என்பதைப் பணம் கொடுத்த பிறகு தெரிந்துகொண்டு பயனில்லை.

இருக்கைகளுக்குப் பின்னால் மாட்டும் காற்றுத் தடுப்பு வலை வண்டியோடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பழைய வண்டிகளில் அடிக்கடி காணாமல் போவது இதுதான், தனியாக வாங்கினால் விலை சுரீரென்றிருக்கும்.

டெல்லி, பெங்களூரு, புதுச்சேரிப் பதிவு வண்டிகள் மலிவாக வருகிறதே?

மலிவு தெரிவது பதிவெண் மாறும் வரைதான். வேறு மாநில வண்டிக்கு முதலில் அந்த ஆர்டிஓவிடம் படிவம் 28-ல் என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று), பிறகு இங்கே வயதுக்கேற்ற ஆயுள் வரி, பிறகு புதிய எண். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம்; ஆனால் அது கைக்கு வரும் வரை வண்டி விலையில் அதைச் சேர்த்துக் கணக்கிடாதீர்கள்.

புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் அங்கே வசிக்காதவர்கள் முகவரி காட்டிப் பதிவு செய்த சொகுசுக் கார்கள் உண்டு. ஆர்சியிலுள்ள முகவரியில் உரிமையாளர் உண்மையிலேயே இருந்தாரா என்று உறுதியாகாவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பிஎச் (பாரத்) என்ற அகில இந்திய வரிசை எண்ணுள்ள வண்டிக்கு இரண்டிரண்டு ஆண்டாக வரி கட்டப்பட்டிருக்கும்; அந்த வரிசைக்கு நீங்கள் தகுதியானவர் இல்லையென்றால் மாநில எண்ணுக்கு மாற்றி வரி கட்ட வேண்டும்.

பேப்பர் வேலையில் எங்கே சிக்கிக்கொள்வோம்?

கடனில். ஆர்சியில் வங்கியின் பெயர் இருந்தால் வங்கியின் கடிதமும், கடன் நீங்கியதைக் காட்டும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் இல்லாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பாக்கிக் கடன் இருந்தால் அந்தத் தொகையை நேரே கடன் கணக்கிலேயே கட்டிவிடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் 30 நாளுக்குள். அபராத சலான், இன்சூரன்ஸ், தடை எதுவும் இருக்கிறதா என்பதை எம்-பரிவாகன் செயலியில் பார்த்த பிறகே டோக்கன் அட்வான்ஸ்.

இன்சூரன்ஸில் கூரை எப்படிக் கணக்காகும்?

கேட்க வேண்டிய கேள்வி, ஆனால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சாதாரண முழுக் காப்பீட்டில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். கூரைத் துணியையும் பீடிங்கையும் எந்த வகையில் வைப்பார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு கட்டாயம் எடுங்கள். குறிப்பிட்ட வயதுக்கு மேல் அது கிடைக்காமல் போகலாம், ஆகவே பழைய வண்டிக்கு விலை பேசும் முன்பே விசாரியுங்கள். வெள்ள நீர் எஞ்சினுக்குள் போய் உடைந்தால் அதற்கென்று தனி எஞ்சின் காப்பீடு இருந்தால்தான் பணம் வரும்.

நோ கிளெய்ம் போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. உங்கள் பழைய காரின் போனஸை இதற்குக் கொண்டுவரலாம்.

வாரண்டி எவ்வளவு முக்கியம்?

மற்ற கார்களைவிட அதிகம். புதிய வண்டிக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டு வரும். நீட்டித்துக்கொள்ளலாம், நீட்டித்தே ஆக வேண்டும். பிஎம்டபிள்யூ பிரீமியம் செலக்‌ஷன், ஆடி அப்ரூவ்டு பிளஸ், மெர்சிடிஸ் சர்ட்டிஃபைடு போன்றவற்றில் வாங்கினால் சற்றுக் கூடுதல் விலைக்கு வாரண்டியும் சேர்ந்து வரும். கையெழுத்திடும் முன் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: கூரையின் ஹைட்ராலிக் பம்ப், சிலிண்டர், கட்டுப்பாட்டு யூனிட் மூன்றும் பட்டியலில் இருக்கின்றனவா? துணியும் பீடிங்கும் தேய்மானப் பொருள் என்று விலக்கப்பட்டிருக்கும், அது வழக்கம். பம்ப் விலக்கப்பட்டிருந்தால் அந்த வாரண்டிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

கம்பெனி பெயரில் வாங்கினால் லாபமா?

கட்டிய ஜிஎஸ்டியை நிறுவனத்தின் ஜிஎஸ்டி பாக்கியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவு பொதுவாகக் கிடைக்காது. வருமான வரியில் 15 சதவீதத் தேய்மானம் காட்டலாம். முதல் வருடம் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி. இது பழைய வண்டிக்கும் பொருந்தும். மற்றதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

சென்னையில் கூரையைத் திறந்து ஓட்ட முடியுமா?

மார்கழி, தை மாதங்களில் அதிகாலை; மற்ற மாதங்களில் காலை ஏழு மணிக்கு முன், இரவு ஒன்பதுக்குப் பின். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த நேரத்தில் போவது உண்மையிலேயே சுகம். ஏற்காடு, கொடைக்கானல், வால்பாறை மலைச் சாலைகளில் இந்த வண்டிகளின் முழு அருமை தெரியும். பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்து நிறுத்திய கறுப்புத் தோல் இருக்கையில் யாராலும் உட்கார முடியாது. உட்புறம் வெளிர் நிறமாக இருக்கும் வண்டியைத் தேர்ந்தெடுப்பது இங்கே அழகுக்கு மட்டுமில்லை, அவசியத்துக்கும்தான். வீட்டில் கூரையுள்ள பார்க்கிங் இல்லையென்றால், புதிதோ பழையதோ, இந்த வகை வண்டியே வேண்டாம். தெருவில் நிற்கும் துணிக் கூரை காக்கை எச்சத்திலும் பூனை நகத்திலும் சீக்கிரம் கெடும்.

புதிது என்று முடிவு செய்துவிட்டேன். டெலிவரிக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

தயாரிப்பு மாதம். விற்பனை குறைவான வண்டிகள் யார்டில் மாதக்கணக்கில் வெயிலில் நிற்பதுண்டு. பதிவுக்கு முன்பே படிவம் 21, 22-ல் உள்ள மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் தள்ளுபடி கேளுங்கள், பேட்டரியை மாற்றித் தரச் சொல்லுங்கள். பதிவாகிவிட்டால் பேரம் பேச வழியில்லை. மேலே சொன்ன கூரைச் சோதனை, தண்ணீர்ச் சோதனை இரண்டையும் புதிய வண்டிக்கும் செய்யுங்கள். கப்பலில் வந்து யார்டில் நின்ற புதிய வண்டியிலும் கண்ணாடி அளவு தவறியிருக்கலாம்.

வாங்கிய பிறகு கூரையை எப்படிப் பார்த்துக்கொள்வது?

மாதம் இருமுறையாவது திறந்து மூடுங்கள். ஈரத் துணியை ஒருபோதும் மடித்து வைக்காதீர்கள். மழையில் மூடிய கூரை முழுதாகக் காய்ந்த பிறகே திறக்க வேண்டும். கழுவ மென்மையான பிரஷ், மிதமான ஷாம்பு, நெசவின் போக்கிலேயே தேய்ப்பு. வருடத்துக்கு ஒருமுறை துணிக்கான நீர்த்தடுப்புத் திரவம். பீடிங்குக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிலிக்கான் கிரீஸ், மெல்லிய பூச்சாக. வாசலின் தடவாதீர்கள், ரப்பர் உப்பிவிடும்.

வடிகால் குழாய்களை வருடத்துக்கு இரண்டு முறை, ஆனியில் ஒன்றும் ஐப்பசி மழைக்கு முன் ஒன்றும், சுத்தம் செய்யுங்கள். டென்னிஸ் ராக்கெட்டுக்குக் கட்டும் நைலான் நரம்பு நல்ல அளவு. கம்பி விட்டுக் குத்தினால் குழாய் அடியில் கழன்று நீர் வண்டிக்குள்ளேயே விழும். நரம்பை விட்டு எடுத்த பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, சக்கரத்துக்கு அருகே அது சொட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.